எடுத்துக் கொடுக்காத பந்து

பிப்ரவரி காலையில் எங்கள் கோல்ஃப் மைதானத்துப் புல்தரை மேல் உறைபனி படிந்திருக்கும். பாலைவனத்தில் ஏது பனி என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. படியும். அது கரைகிற வரைக்கும் புல்லில் ஒருத்தரும் கால் வைக்கக் கூடாது. வைத்தால் அந்த இடத்தில் புல் கருகிப் போய், மிதித்த புண்ணியவானின் காலடி வாரக்கணக்கில் அப்படியே கிடக்கும். அதனால் வெயில் ஏறும் வரை ஆட்டக்காரர்களை மறித்து வைப்பது என் பிழைப்பு. முதல் குழிக்கான ஆட்டம் தொடங்குகிற இடத்தில் ரிசார்ட்காரர்கள் எனக்கு ஒரு மரக்கூண்டு போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். கம்பளித் தொப்பியும் கையுறையுமாக அதற்குள் உட்கார்ந்திருப்பேன். விடுமுறைக்கு வந்தவர்கள் வரிசையாக வந்து என்னோடு சண்டை பிடிப்பார்கள். ஏதோ நான்தான் ராத்திரி வந்து பனியைத் தூவிவிட்டுப் போனது போல.

சண்டை பிடிக்காமல் சிரிக்கிறவள் ஒருத்திதான். அவள் டெல்லா. வடக்கே பனி கொட்டும் ஐயோவாவிலிருந்து வருடா வருடம் பிப்ரவரியில் ஒரு வாரம் புருஷன் மில்ட்டோடு வருவாள். அரைக்கால் சட்டையும் கையில்லாத மேல்சட்டையுமாக வந்து நின்று, புல்லைக் குனிந்து பார்த்துவிட்டு, "இதுக்குப் பேரு பனியா ரோண்டா? எங்க ஊர்ல இத நாங்க வெயில்னு சொல்லுவோம்" என்பாள். வருடா வருடம் இதே கிண்டல்தான். எனக்கும் வருடா வருடம் சிரிப்பு வரும்.

பனியைப் பற்றிப் பேச அவளுக்கு உரிமை இருந்தது. இருபத்தாறு வருடம் மாவட்டச் சாலைகளில் பனி தள்ளும் லாரி ஓட்டியவள் அவள். உயரம் அதிகமில்லை. தோள் மட்டும் அகலம். பேசும்போது எதிராளியின் கண்ணைப் பார்த்துத்தான் பேசுவாள். பொய் சொல்ல நினைப்பவன் அவள் முன்னால் இரண்டு வாக்கியத்துக்கு மேல் தாங்க மாட்டான்.

பன்றிப் பண்ணை வைத்திருந்த வீட்டில் ஆறு பெண்களில் கடைசியாகப் பிறந்தவள். சட்டை, செருப்பு, சைக்கிள் எல்லாமே ஐந்து அக்காமார் கைமாறித்தான் அவளிடம் வந்து சேரும். "செல்லப் பிள்ளை"தான், ஆனால் தனக்கென்று ஒன்றைத் தானே எடுத்துக்கொண்டதில்லை. முதலில் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தாள். பிறகு சாலைத் துறையில் ஓட்டுநர் வேலைக்கு எழுதிப் போட்டாள். அங்கே அதற்கு முன் பெண் ஓட்டுநர் கிடையாது. அந்த ஆண்கள் கெட்டவர்களாக இருந்திருந்தால் பரவாயில்லை, திருப்பி நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். நல்லவர்களாக இருந்து தொலைத்தார்கள். பள்ளிக்கூடத்தை ஒட்டிய நேர்ச்சாலையை அவளுக்கு ஒதுக்கினார்கள். மேடில்லை, வளைவில்லை. அவள் போவதற்கு முன்பே யாராவது ஒருத்தர் பாதியைத் தள்ளி வைத்திருப்பார். இரண்டு குளிர்காலம் நன்றி சொல்லியே கழித்தாள். மூன்றாவது குளிர்காலத்தில் ஆற்றங்கரைச் சாலை வேண்டும் என்று கேட்டாள். மேடும் வளைவுமாக ஆளைக் கொல்லும் சாலை அது. எதுக்கும்மா உனக்கு இந்தக் கஷ்டம் என்றார் மேலாளர். டெல்லா ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்தக் குளிர்காலத்தில் லாரியை ஒரு தடவை பள்ளத்தில் இறக்கியும் விட்டாள். அரை நாள் மண்வெட்டியால் பனியை வெட்டி, சக்கரத்துக்கு அடியில் மணலைக் கொட்டி, தானே மேலே ஏற்றிக் கொண்டுவந்தாள். கல்யாணக் கதையைக்கூட அவள் இவ்வளவு பெருமையாகச் சொல்லிக் கேட்டதில்லை.

இப்படிப்பட்டவள் போயும் போயும் மில்ட்டைக் கட்டிக்கொண்டாள். அவனைப் போல நல்ல மனுஷனை நான் பார்த்ததில்லை. அதைச் சொல்லும்போதே கொஞ்சம் எரிச்சலும் வருகிறது. வீடுகளுக்குச் சூடேற்றும் அடுப்புகளைப் பழுது பார்ப்பது அவன் தொழில். பனிக்காற்றில் போய் நின்று வேலை செய்துவிட்டு, கூலி கொடுத்தால் "பரவால்ல, இருக்கட்டும்" என்று கையை ஆட்டிவிட்டு வருகிறவன். முச்சந்தியில் தனக்கு வழி இருந்தாலும் நிறுத்தி எதிர் வண்டிக்கு விட்டுக் கொடுப்பான். எதிர் வண்டிக்காரனும் அதே ஊர்க்காரன் என்றால் இரண்டு பேரும் மாறி மாறிக் கையைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். யாரும் தோற்பதை அவனால் பார்க்க முடியாது. சீட்டாட்டத்தில்கூட நல்ல சீட்டை வைத்துக்கொண்டு தோற்பான்.

இந்த மனுஷனுக்கென்றே கோல்ஃபில் ஒரு பழக்கம் இருக்கிறது. பந்து உருண்டு வந்து குழிக்குப் பக்கத்தில் ஒரு முழம், அரை முழம் தள்ளி நின்றுவிட்டால், "அது போனாப்லதான், எடுத்துக்கோ" என்று கூட ஆடுகிறவர் சொல்லிவிடலாம். உள்ளே தட்டிவிட்டதாக ஓர் அடியைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு பந்தை எடுத்துவிட வேண்டியதுதான். கிம்மி என்பார்கள். போட்டியில் இது செல்லாது. சினேகிதர்களுக்குள் இது இல்லாமல் ஆட்டமே கிடையாது. அந்தக் கடைசி முழத்தில்தான் கை நடுங்கும், மானம் போகும் என்று எல்லோருக்கும் தெரியும். நான் உனக்குத் தருகிறேன், நீ எனக்குத் தா என்பதுதான் எழுதாத ஒப்பந்தம். மில்ட் வாயிலிருந்து "எடுத்துக்கோ" என்பது பந்து நிற்பதற்கு முன்பே வந்துவிடும். சில சமயம் அவனே தன் மட்டையால் பந்தைக் கொத்தி எடுத்து ஆளிடம் தூக்கிப் போட்டுவிடுவான்.

எங்கள் ஆட்டத்தில் அடி குறைந்தால்தான் பெருமை. சாதாரண ஜனங்களுக்கு நூறு என்பது ஒரு மதில். பதினெட்டுக் குழியையும் நூறு அடிக்குள் முடித்தால் நீ கோல்ஃப் ஆடுகிறவள். நூற்றைத் தாண்டினால் விடுமுறைக்கு வந்தவள். டெல்லா போன வருடம் தொண்ணூற்றேழில் முடித்தாள். மில்ட் சந்தோஷத்தில் ரிசார்ட் சமையல்காரரிடம் சொல்லி ஒரு கேக் வரவழைத்து, தெரியாதவர்களுக்கெல்லாம் வெட்டிக் கொடுத்தான். டெல்லாவும் சிரித்துக்கொண்டே கைகுலுக்கினாள். ஊருக்குக் கிளம்பும் நாளில் மட்டும் தனியாக என் கூண்டுக்கு வந்தாள்.

"அது தொண்ணூத்தேழு இல்ல ரோண்டா" என்றாள். "பத்துப் பதினோரு பந்து மில்ட் எடுத்துக் குடுத்தது. அதுல எத்தன நான் விட்டிருப்பேன்னு எனக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. அதுதான் எனக்குப் பொறுக்கல."

எல்லோரும்தான் இப்படி ஆடுகிறார்கள், இதில் என்ன என்று கேட்டேன். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள்.

இந்த வருடம் வந்ததுமே சொல்லிவிட்டாள். இந்த வாரத்தில் ஒரே ஓர் ஆட்டம், அதில் ஒவ்வொரு பந்தையும் தானே குழியில் போட வேண்டும். கெட்டுப் போன அடியை இன்னொரு முறை அடித்துக்கொள்வதும் கிடையாது. அப்படி ஆடி நூற்றுக்குக் கீழே வர வேண்டும். ஏப்ரலில் அவளுக்கு இடுப்பு மூட்டு மாற்றும் அறுவைச் சிகிச்சை. திரும்ப எப்போது மட்டையைச் சுழற்றலாம், சுழற்றலாமா என்பதையே மருத்துவர் உறுதியாகச் சொல்லவில்லை. ஆகவே இந்த வாரம்தான். கூட ஆடுகிற எனக்கும் மில்ட்டுக்கும் விதி வழக்கம்போலத்தான்; நாங்கள் எங்களுக்குள் தாராளமாகக் கொடுத்துக்கொள்ளலாம். அவளுக்கு மட்டும் கூடாது.

மில்ட் சத்தியம் செய்தான். கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள் என்று நான் அவனுக்கு யோசனை சொன்னேன்.

வாரம் பூராவும் காற்று. மணல் பறந்து பல்லில் நறநறத்தது. காற்று நின்றது அவர்கள் கிளம்புவதற்கு முந்தின நாள்தான். அன்று எனக்கு மதியத்தோடு வேலை முடிந்தது. மூன்று பேருமாகத் தொடங்கினோம். வானம் கழுவிவிட்டதைப் போல இருந்தது. இந்த ஊரில் எனக்கு ஆயிரம் குறை உண்டு. ஆனால் பிப்ரவரி மதியத்தில் தோளில் வெயில் விழ, பச்சைப் புல்லில் வண்டியை ஓட்டிக்கொண்டு போகும்போது ஒரு குறையும் ஞாபகத்துக்கு வராது.

டெல்லாவின் ஆட்டம் அழகானது இல்லை. மட்டையைப் பாதி தூரம்தான் பின்னால் கொண்டுபோவாள். பந்து உயரப் போகாது, தரையை ஒட்டி ஓடும். ஆனால் நேராக ஓடும். மில்ட் நேர் எதிர். வானத்துக்கு அடித்துவிட்டு, அது எங்கே விழுந்ததென்று எங்களைக் கேட்பான்.

மூன்றாவது குழியில் அவள் பந்து புல்லைத் தாண்டி மணலில் உருண்டு ஒரு முட்கள்ளிக்கு அடியில் போய் உட்கார்ந்தது. அந்தக் கள்ளிக்குப் பக்கத்தில் போனாலே முள்ளுருண்டை தானாகத் தாவி வந்து காலில் ஒட்டும். சீப்பை வைத்துத்தான் பிடுங்க வேண்டும். என் பையில் எப்போதும் ஒரு சீப்பு இருக்கும், தலை வாருவதற்கு அல்ல. பந்தை எடுத்துப் புல்லில் போட்டு, ஓர் அடி தண்டம் சேர்த்துக்கொண்டு ஆடலாம் என்பது எங்கள் ரிசார்ட்டின் விதி. விடுமுறைதானே, தண்டமெல்லாம் எதற்கு என்று மில்ட் முணுமுணுத்தான். டெல்லா திரும்பிக்கூடப் பார்க்காமல், ஒண்ணு சேத்துக்கோ ரோண்டா என்றாள். சேர்த்துக்கொண்டேன்.

ஐந்தாவது குழியில்தான் அவள் முதன்முதலாக ஒரு சின்னப் பந்தைத் தவறவிட்டாள். ஒரு முழம்கூட இருக்காது. குழியின் விளிம்பைச் சுற்றிவிட்டு வெளியே வந்து நின்றது. அந்த நேரம் மில்ட் அங்கே இல்லை. இருந்தான், ஆனால் தூரத்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மலை எங்கேயும் போகாது என்று சொல்லலாம் போல இருந்தது. அதன்பிறகு கவனித்தேன். அவள் சின்னப் பந்தை அடிக்கப் போகும்போதெல்லாம் அவனுக்கு மலை மேல் ஆசை வந்துவிடும்.

பாதி ஆட்டம் முடிந்தபோது அவள் நாற்பத்தொன்பதில் இருந்தாள். நடுவழிக் கடையில் மில்ட் எங்களுக்கு எலுமிச்சை கலந்த குளிர்ந்த தேநீர் வாங்கி வந்தான். டெல்லா பையிலிருந்து பன்றியிறைச்சிக் கலவை தடவிய ரொட்டியை எடுத்து மூன்றாகப் பிய்த்தாள். ஊரிலிருந்தே கட்டிக்கொண்டு வந்தாயா என்று கேட்டேன். விடுதியில் கொடுக்கும் ரொட்டிக்குள் பச்சை மிளகாய் இருப்பதாகவும், விடுமுறையில் தான் அழ விரும்பவில்லை என்றும் சொன்னாள்.

பின்பாதியில் அவள் பேசுவதை நிறுத்திவிட்டாள். இடுப்பு வலித்திருக்க வேண்டும். வண்டியிலிருந்து இறங்கும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மில்ட் கை கொடுக்கப் போனான். அவள் பார்த்த பார்வையில் கையை எடுத்துத் தன் தலையைச் சொறிந்துகொண்டான். பன்னிரண்டாவது குழிப் பக்கம் காட்டுப்பன்றிகள் ராத்திரி வந்து புல்லைப் புரட்டிப் போட்டிருந்தன. பந்து அந்தக் குழப்பத்தில் போய் விழுந்தது. இருந்த இடத்திலிருந்தே அடித்தாள். மண்ணும் பந்தும் சேர்ந்து பறந்தன. பந்து குழியைச் சுற்றிய புல்வட்டத்தில் விழுந்தது, மண் மில்ட் மேல் விழுந்தது. அந்த நேரத்தில் நான் சந்தோஷமாக இருந்தேன். எனக்கு ஒரு லாபமும் இல்லாத காரியத்துக்காக என் நெஞ்சு இப்படி அடித்துக்கொண்டு பல வருடமாகிறது.

பதினேழாவது குழி முடிந்ததும் கூட்டிப் பார்த்தேன். தொண்ணூற்றிரண்டு. கடைசிக் குழியை ஏழு அடிக்குள் முடித்தால் தொண்ணூற்றொன்பது. நான் எண்ணைச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. மனக்கணக்கில் அவள் என்னைவிடக் கெட்டி.

கடைசிக் குழிக்கு இடப்பக்கம் குளம், வலப்பக்கம் பாலைவனம். முதல் அடி வலப்பக்கம் ஓடி மணலுக்கு ஒரு சாண் முன்னால் புல்லிலேயே நின்றது. மில்ட் மூச்சுவிட்ட சத்தம் எனக்குக் கேட்டது. இரண்டாவது நேராக ஓடியது. மூன்றாவது புல்வட்டத்தை ஒட்டிய மணல்பள்ளத்தில் இறங்கிவிட்டது. பள்ளத்தில் இறங்கி நின்று நாலாவதை அடித்தாள். பந்து மேலே வந்தது, ஆனால் வட்டத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டது. ஐந்தாவதில் தட்டி வட்டத்துக்குள் கொண்டுவந்தாள். குழிக்கு இன்னும் நெடுந்தூரம்.

பின்னால் நாலு பேர் வண்டிகளை நிறுத்திக்கொண்டு கையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். காலையில் உறைபனிக்காக என்னோடு மல்லுக்கு நின்ற பல் மருத்துவர்கள். நானும் கையை ஆட்டினேன், சினேகமாக. அவர்கள் அவசரம் அவர்களோடு.

மில்ட் கொடிக்கம்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு குழிக்குப் பக்கத்தில் நின்றான். டெல்லா ஆறாவதை உருட்டினாள். அது ஒரு மேட்டில் ஏறி, யோசித்து, இறங்கி, வளைந்து, குழியை நோக்கியே வந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஒரு முழம் முன்னால் நின்றது.

ஒரு முழம்தான் பாக்கி. அதைப் போட்டால் தொண்ணூற்றொன்பது.

"போனாப்லதான், எடுத்துக்கோ" என்றான் மில்ட். சொல்லும்போதே குனிந்து பந்தை எடுத்து அவளிடம் தூக்கிப் போட்டான்.

அவள் பிடிக்கவில்லை. பந்து அவள் காலடியில் விழுந்து கொஞ்ச தூரம் உருண்டது. மில்ட் முகத்தில் இன்னும் சிரிப்பு இருந்தது. பிறகு அவன் தன் கையைப் பார்த்தான். வேறு யாருடைய கையையோ பார்ப்பது போலப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது.

எனக்கு வந்த கோபத்துக்கு அவனை அந்தக் குளத்தில் தள்ளியிருப்பேன்.

"எதுக்கு எடுத்த?" என்றாள் டெல்லா. குரல் உயரவில்லை.

"கை தானா போயிடுச்சு டெல்லா. சத்தியமா."

"கை தானா போகாது. நான் விட்டுடுவேன்னு நெனச்ச."

மில்ட் கொடிக்கம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். பொய் சொல்லப் பார்த்தான் என்று நினைக்கிறேன். அவள் கண்ணைப் பார்த்ததும் அது முடியவில்லை.

"ஆமா" என்றான். "விட்டுட்டா உன் மொகம் எப்பிடிப் போகும்னு எனக்குத் தெரியும். அத என்னால பாக்க முடியாது."

"இத்தன வருசமா அதுக்குத்தான் எடுத்து எடுத்துக் குடுத்தியா?"

"அதுக்குத்தான்."

அவள் கத்தப் போகிறாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. கோபம் வந்து, பாதி வழியில் வேறு ஏதோவாக மாறியது எனக்கே தெரிந்தது.

"லாரியப் பள்ளத்துல எறக்கினேன்ல, அன்னிக்கு என் மொகத்த யாரு பாத்தா? நான் ஒண்ணும் செத்துப் போயிடல மில்ட். நீதான் பயந்துக்கிட்டே இருந்திருக்க. எனக்காக நீ பயந்தா, நான் எங்க போயி தைரியமா நிக்கறது?"

அவள் என் பக்கம் திரும்பி விதி என்ன என்று கேட்டாள். இதைக் கேட்பதற்காகவே அத்தனை வருடம் அந்தக் கூண்டில் உட்கார்ந்திருந்தேனோ என்னவோ. மற்றவர் எடுத்த பந்தை இருந்த இடத்தில் திரும்ப வைத்து ஆட வேண்டும், தண்டம் கிடையாது என்றேன். அவள் முகம் தெளிந்தது.

இருந்த இடம் எது என்பதில் தகராறு வந்தது. மில்ட் குழிக்குச் சாண் தூரத்தில் விரலை வைத்தான். வெட்கமில்லாதவனே, அது ஒரு முழம் என்றேன் நான். டெல்லா இரண்டு பேரையும் ஒதுக்கிவிட்டு, ஒரு முழத்துக்கும் இன்னும் நாலு விரற்கடை தள்ளிப் பந்தை வைத்தாள். குறைத்து வைத்துவிட்டேன் என்று ஊருக்குப் போய்த் தான் படுத்துக்கொண்டு யோசிக்கக் கூடாது என்றாள்.

பிறகு மில்ட்டிடம் திரும்பினாள்.

"இப்ப நீ மலையப் பாக்கப் போறதில்ல. என்னப் பாக்கணும். போனாலும் போகாட்டியும் பாக்கணும்."

"பாக்கறேன்" என்றான் அவன்.

அவள் குனிந்தாள். இடுப்பைச் சரி செய்துகொண்டு நின்றாள். பல் மருத்துவர்களில் ஒருத்தன் அந்தக் கோடியிலிருந்து ஏதோ கத்தினான். நான் கையைக்கூடத் தூக்கவில்லை. டெல்லா மட்டையைப் பின்னால் கொண்டுபோய்த் தட்டினாள். நல்ல அடி. பந்து நேராகக் குழிக்குப் போனது, வலது விளிம்பில் ஏறியது, உள்ளே பாதி தொங்கியது, சுற்றியது, வெளியே வந்து நின்றது.

அதற்கு மேல் நான் பந்தைப் பார்க்கவில்லை, மில்ட்டைத்தான் பார்த்தேன். அவன் கண்ணை எடுக்கவில்லை. தண்ணீர் நிறைந்திருந்தது, ஆனால் எடுக்கவில்லை. டெல்லாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த முகம் முதலில் சுருங்கியது. கீழ் உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஓர் அரை நிமிடம் அது பார்க்கக் கஷ்டமான முகமாகத்தான் இருந்தது. பிறகு அவள் மூக்கால் மூச்சை விட்டு, ஓர் எட்டு வைத்து, மிச்சத்தைத் தட்டி உள்ளே போட்டாள். பந்து அடியில் விழும் சத்தம் கேட்டது.

"நூறு" என்றாள். "எழுது ரோண்டா. நூறு, எல்லாமே என்னது."

எழுதினேன். ஒன்று குறைந்திருந்தால் என்ன என்று ஒரு பக்கம் எரிந்தது. இன்னொரு பக்கம், இவ்வளவு நேரான ஒரு எண்ணை என் வாழ்க்கையில் நான் எழுதியதில்லை என்றும் தோன்றியது.

மில்ட் கிட்டப் போய், "உன் மொகம் அவ்வளவு மோசமா ஒண்ணும் போகல" என்றான்.

"போச்சு" என்றாள் அவள். "திரும்பி வந்துடுச்சு. அவ்வளவுதான்."

வண்டியைப் பார்த்துக் கிளம்ப வேண்டியதுதான் என்று நினைத்தபோது மில்ட்டின் சொந்தப் பந்து எங்கள் கண்ணில் பட்டது. நடந்த அமளியில் அதை மறந்தே போயிருந்தோம். குழிக்கு ஒரு சாண் தூரத்தில் சாதுவாக உட்கார்ந்திருந்தது. அது விழுந்தால் அவனுக்கு எண்பத்தொன்பது. மில்ட் எப்போதும் எண்பதுகளில் முடிக்கிறவன். அதை அவன் ஊரில் அடுப்பு பழுது பார்க்கப் போன வீடுகளிலெல்லாம் சொல்லி வைத்திருக்கிறான். இவ்வளவு நடந்த பிறகும் அவன் பழக்க தோஷத்தில் பந்தை எடுக்கக் குனிந்தான்.

"அத வை" என்றாள் டெல்லா.

"சாண் தூரம்தானே."

"சாண் தூரம்தானே. அடி."

அவன் என்னைப் பார்த்தான். எங்கள் ஒப்பந்தப்படி நான் கொடுத்திருக்க வேண்டும். எனக்குத் திடீரென்று மலையைப் பார்க்க வேண்டும் போல ஆகிவிட்டது.

மில்ட் மட்டையை எடுத்துக்கொண்டு வந்து நின்றான். காலை மாற்றினான். தொப்பியைச் சரி செய்தான். இத்தனை வருடத்தில் இந்தத் தூரத்திலிருந்து அவன் ஒரு பந்தைக்கூட அடித்ததில்லை என்பது அப்போதுதான் எங்கள் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. எல்லோரும் அவனுக்குத் தந்திருக்கிறோம். அவன் கொடுத்தான், நாங்களும் கொடுத்தோம். அவன் தட்டினான். பந்து குழிப் பக்கமே போகாமல் இடப்பக்கமாகப் பாய்ந்து ஒரு முழம் தாண்டி நின்றது. அங்கிருந்து இன்னொரு முறை தட்டினான், அதுவும் போகவில்லை. மூன்றாவதில்தான் விழுந்தது. தொண்ணூற்றொன்று.

டெல்லா கண்ணை எடுக்கவேயில்லை. முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு பொத்தியும் பயனில்லாமல் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள். இடுப்பு வலிக்குது, சிரிக்க வைக்காதே என்று அவனைத் திட்டிக்கொண்டே சிரித்தாள். மில்ட் சிரிக்கவில்லை. மட்டையைப் பிடித்துக்கொண்டு குழியையே பார்த்தான்.

"அப்ப என்னோட எண்பத்தொம்பது எல்லாம்?" என்று கேட்டான்.

பதில் அவனுக்கே தெரிந்திருந்தது. டெல்லா கையை நீட்டினாள். அவன் பிடித்துத் தூக்கிவிட்டான். இந்தத் தடவை அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. எழுந்த பிறகும் விடவில்லை. பல் மருத்துவர்களுக்கு நான் வரலாம் என்று கைகாட்டினேன். வண்டியில் ஏறும்போது மில்ட்தான் கேட்டான், அவளைப் பார்க்காமல், முன்னால் இருந்த பாதையைப் பார்த்துக்கொண்டு.

"நாளைக்கு விமானம் சாயங்காலம்தான். காலைல ஒரு ஒம்பது குழி இதே மாதிரி ஆடலாமா? எனக்கும் யாரும் எடுத்துக் குடுக்கக் கூடாது."

"பயமா இருக்கா?"

"இருக்கு."

"அப்ப ஆடலாம்" என்றாள் டெல்லா.